ஸ்னேக் கெயிட்டர்: ஒரு மழைக்காலம் போட்டு நடந்த பிறகு

இரவில் காட்டுக்குள் தவளை, பாம்புக் கணக்கெடுப்புக்குப் போகிறவள் நான். பாம்புக்கடியைத் தடுக்கக் காலில் கட்டுகிற உறைதான் ஸ்னேக் கெயிட்டர். ஜூன் மாதம் வாங்கியதை நவம்பர் வரை, ஏறக்குறைய நாற்பது இரவுகள் போட்டு நடந்துவிட்டேன். வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று. இந்த நாற்பது இரவில் ஒரு பாம்புகூட இதைக் கடிக்கவில்லை. பல் இறங்குமா, இறங்காதா என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. மற்றதெல்லாம் சொல்ல முடியும்.

கணுக்காலிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை சுற்றிக் கட்டுகிற உறை இது. வெளியே தடித்த நைலான் துணி. உள்ளே தைத்த பைகளில் மூன்று பாலிகார்பனேட் (கடினமான பிளாஸ்டிக்) தகடுகள். ஷூவின் மேல்பக்கத்தை மூட ஒரு மடிப்பு, பாதத்துக்கு அடியில் ஒரு பட்டை, பக்கத்தில் பிளாஸ்டிக் கொக்கிகள். இதே தோற்றத்தில் தகடே இல்லாமல் வெறும் துணியிலும் கெயிட்டர் விற்கிறார்கள். அது முள்ளுக்கும் சேற்றுக்கும்தான். வாங்கும்போது கையால் அழுத்திப் பாருங்கள், தகடு இருந்தால் தெரிந்துவிடும். கண்ணாடி விரியனின் விஷப்பல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளும். ஆப்பிரிக்காவின் காபூன் விரியனுக்கு 5 சென்டிமீட்டர் வரைகூட இருக்கும். அந்த நீளத்துக்கு முன்னால் துணி எத்தனை மடிப்பு இருந்தாலும் எனக்குப் போதாது.

ஆனால் கெயிட்டர் வாங்க முடியாதவர்கள் வெறுங்காலோடு போக வேண்டும் என்றில்லை. வாலைக் கிலுகிலுக்கும் அமெரிக்க விஷப் பாம்புகளான ராட்டில் ஸ்னேக்குகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2009இல் வெளியானது. மனிதக் கைகாலின் மாதிரி மேல் ஜீன்ஸ் துணி சுற்றியிருந்தபோது உள்ளே இறங்கிய விஷம் பாதிக்கும் கீழே போய்விட்டது. தொளதொளவென்று ஒரு ஜீன்ஸ், கணுக்காலை மூடுகிற ஷூ, இதுவே பெரிய காரியம். இறுக்கிப் பிடிக்கிற லெக்கிங்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் வாரம் தொல்லையாகத்தான் இருந்தது. தகடுகள் ஒன்றோடொன்று உரசி, நடக்க நடக்கக் கரகரவென்று சத்தம். தவளையின் குரலைக் கேட்டு இடம் கண்டுபிடிக்கிற வேலையில் அது பெரிய இடைஞ்சல். என் கெண்டைக்கால் சதை மெலிவு என்பதால் உறை மெல்ல மெல்லத் திரும்பி, முன்னால் இருக்க வேண்டிய தகடு பக்கவாட்டுக்குப் போய்விடும். உள்ளே தடித்த காலுறை ஒன்றைக் கூடுதலாகப் போட்ட பிறகு நின்றது. பாதத்துக்கு அடியில் ஓடும் பட்டை பாறையில் தேய்ந்து செப்டம்பரிலேயே அறுந்தது. விற்றவர்களிடம் கேட்டேன், பட்டை மட்டும் தனியாகக் கிடையாதாம். நைலான் கயிறு கட்டி ஓட்டுகிறேன். அட்டை ஏறுவது முழுதாக நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது.

ஆகஸ்டில் ஒரு இரவு, விடாத தூறல். ஓடையோரச் சருகில் நடந்துகொண்டிருந்தோம். எங்களோடு எப்போதும் வரும் வழிகாட்டித் தம்பி பின்னாலிருந்து, "அக்கா, அப்படியே நில்லுங்க" என்றான். என் இடது காலுக்கு ஒரு சாண் தள்ளி ஹம்ப்நோஸ் விரியன். முழ நீளம்கூட இருக்காது. உடம்பு முழுக்கக் காய்ந்த இலையின் நிறம், முக்கோணத் தலை, மேலே தூக்கிய மூக்கு நுனி. பார்த்த பிறகும் கண்ணை ஒருமுறை சிமிட்டினால் சருகோடு சருகாகிவிடுகிறது. வால் நுனி மட்டும் ஈர இலையில் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நான் காலை எடுக்கவில்லை. அது துடிப்பை நிறுத்தி, மெதுவாக ஒரு வேருக்கு அடியில் நுழையும்வரை நின்றேன். காலில் தகடு இல்லாமல் இருந்திருந்தால் பதறிக் காலை இழுத்திருப்பேன். இந்தப் பொருளிடமிருந்து எனக்குக் கிடைத்த உண்மையான பயன் அந்த அசையாத இரண்டு நிமிஷம்.

நகர்ந்த பிறகு தம்பி சொன்னான்: "இத போட்டதுலேருந்து நீங்க கீழ பாக்கறதே இல்லக்கா."

உண்மைதான். முன்பெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் அடித்துப் பார்த்து வைப்பேன். இரண்டு மாதத்தில் அது என்னைவிட்டுப் போயிருந்தது.

அது எவ்வளவு பெரிய தவறு என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஹம்ப்நோஸ் அதில் இல்லை. அது கடித்து ரத்தம் உறையாமல் போனவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் உண்டு. மருத்துவர்கள் அந்தந்தப் பாதிப்புக்குச் சிகிச்சை தர முடியுமே தவிர, விஷத்தை நேரே முறிக்கும் ஊசி கையில் இருக்காது. மலபார் குழிவிரியனுக்கும் பவளப் பாம்புகளுக்கும் இதே நிலைதான். எப்போதாவது ஒன்று கண்ணில் படுகிற இனங்களைத் தேடிப் போகிறவர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

செப்டம்பரில் கை மாட்ட இருந்தது. தம்பி சொன்னதிலிருந்து தரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தேன். ஓடைக்கரையில் ஏறும்போது வழுக்க, பிடிமானத்துக்கு நெஞ்சு உயரச் செடியின் பக்கம் கை போனது. தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். விரல் நுனிக்கு நாலு விரற்கடை தூரத்தில் மலபார் குழிவிரியன், கிளையில் மடிந்து கிடந்தது. பாசிப் பச்சை, மேலே பழுப்புத் திட்டுகள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே அந்தக் குழி. இருட்டில் இரையின் உடல் சூட்டை அதனால் அறிகிறது. என் கைச்சூடு அதற்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அசையவில்லை. அதன் மூக்கு நுனியில் ஒரு மழைத்துளி திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டது.

2001இல் வடக்கு மியான்மரில் கட்டுவிரியன் கடித்து இறந்த பாம்பு ஆய்வாளர் ஜோ ஸ்லோவின்ஸ்கி அன்று ராத்திரி முழுக்க நினைவில் இருந்தார். பாம்பு போட்டிருந்த பைக்குள் கையை விட்டார், ஒரு சின்னப் பாம்பு விரலில் கடித்தது. அவ்வளவு தெரிந்தவருக்கே அப்படி. கெயிட்டர் விரலுக்கு வராது. ராஜநாகத்திடமும் இதை நம்பி நிற்கக் கூடாது. உடம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி நிற்கிற பாம்பு அது, பத்தடிப் பாம்பென்றால் மூன்றடிக்கு மேலே நிமிரும். (2024இல் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்குக் காளிங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!)

வாங்கலாமா? ஈரக்காட்டில், சருகில், ராத்திரியில் நடக்கிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள். கூடவே கையில் இன்னொரு டார்ச்சும் வேண்டும். தலைவிளக்கு தரைக்கு, கைவிளக்கு இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை. காட்டுப்பாதையில் பகலில் மட்டும் போகிறவர்களுக்கு நல்ல ஷூவும் தொளதொள ஜீன்ஸும் போதும். பாம்பைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க நினைப்பவர்களுக்கு எந்தப் பொருளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடி பட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட பாகத்தை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பவளப் பாம்பை இந்தப் பருவத்தில் ஒரே ஒரு முறை பார்த்தேன். முதுகில் கருங்கோடுகள், ஈர மண்ணில் புரண்டபோது அடிவயிறு செக்கச்செவேல் என்று ஒரு நொடி தெரிந்தது. பத்து வருஷத்தில் எனக்கு இது இரண்டாவது. எந்த இடம் என்று எழுதப் போவதில்லை, பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் குழிவிரியனைப் பார்க்க அடுத்த இரண்டு இரவும் போனோம். அதே கிளை, அதே மடிப்பு. மூன்றாம் இரவு தலை மட்டும் ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது. ஆறடி தள்ளி நின்று, வெளிச்சத்தைக் குறைத்து, இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.