சாயில் டெஸ்ட்: குழி போதுமா, துளை வேண்டுமா, பிளேட் லோடு எதற்கு?

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கம் ஒரு மனை, விருதுநகர்க் கரிசலில் ஒன்று, புதுக்கோட்டைச் செம்மண்ணில் ஒன்று. மூன்றுக்கும் "சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும், அஞ்சடி போனால் போதும்" என்று ஒரே கணக்கில் பிளான் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலம், அதாவது கான்கிரீட் தூண், 40 டன் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மண் 20 டன் தாங்கினால், தூணுக்கு அடியில் மண்ணில் உட்காரும் அகலமான ஃபுட்டிங் 2 சதுர மீட்டர் போதும், அதாவது ஒரு பக்கம் 1.4 மீட்டர். தாங்குவது 10 டன்தான் என்றால் 4 சதுர மீட்டர் வேண்டும். தெரியாமல் சின்னதைப் போட்டால் மண் பதியும். வீடு முழுக்க ஒரே அளவில் பதிந்தால்கூடச் சமாளிக்கலாம். ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் ஜன்னல் ஓரத்திலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

மண்ணைப் பார்க்க நம் ஊரில் மூன்று வழி உண்டு.

முதலாவது, சோதனைக் குழி. ஜேசிபி வந்தால் 3 மீட்டர் ஆழத்துக்கு அரை நாள் வேலைகூட இல்லை. காலம் வரப்போகும் இடத்தை விட்டுத் தள்ளித் தோண்டச் சொல்லுங்கள். கிளறிய மண்ணின் மேல் ஃபுட்டிங் உட்காரக் கூடாது. குழியின் பக்கச் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரியும்: மேலே கட்டட இடிபாடு, பிளாஸ்டிக் பை, அப்புறம் கறுப்புக் களி, அதற்குக் கீழே மொரம்பு, அதாவது கெட்டியான சரளை மண். பிளாஸ்டிக் எந்த ஆழம் வரை வருகிறதோ அதுவரை யாரோ கொட்டிய மண். ரிப்போர்ட்டே வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது. அள்ளி வந்த களியில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தியதும் பள்ளம் விழுந்தால் மெத்தென்ற களி. விரல் சுலபமாக உள்ளேயே போனால் ரொம்ப மோசம். ஆழக் குழிக்குள் மட்டும் யாரையும் இறக்காதீர்கள். முட்டுக் கொடுக்காத குழியின் சுவர் சொல்லாமல் சரியும்.

மேஸ்திரியின் கண் என்று சொல்வதும் இதைத்தான். அந்தத் தெருவிலேயே பத்து வீடு கட்டியவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. வேறு ஊரிலிருந்து வந்தவர் காலால் தட்டிப் பார்த்துச் சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது, பிளேட் லோடு டெஸ்ட். ஃபுட்டிங் மட்டம் வரை தோண்டி, 30 முதல் 75 செ.மீ. வரை அகலமுள்ள இரும்புத் தட்டை வைத்து, மணல் மூட்டை அடுக்கிய மேடைக்கு எதிராக ஜாக்கியால் அழுத்தி, எவ்வளவு பதிகிறது என்று டயல் கேஜில் பார்ப்பார்கள். பார்க்க ரொம்ப நம்பிக்கை தரும், நிஜமாகவே எடை வைக்கிறார்கள் அல்லவா! எனக்கு வீட்டு மனையில் இதன் மேல்தான் நம்பிக்கை குறைவு. தட்டு தரும் அழுத்தம் அதன் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் வரைதான் போய்ச் சேரும். 30 செ.மீ. தட்டு 60 செ.மீ. மண்ணைச் சோதிக்கிறது, 1.5 மீட்டர் ஃபுட்டிங்கோ 3 மீட்டர் வரை அழுத்தும். மேலே ஒரு மீட்டர் கெட்டி மண், கீழே சேறு என்றால் தட்டு பாஸ், வீடு ஃபெயில். போதாததற்கு, களிமண் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டு ஆண்டுக்கணக்கில் பதியும். சில மணி நேர டெஸ்டில் அது வராது.

மூன்றாவது, துளை போட்டு எஸ்.பி.டி. (ஸ்டாண்டர்டு பெனட்ரேஷன் டெஸ்ட்) எடுப்பது. 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளையின் அடியில் ஒரு குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் இல்லை, மீதி 30-க்கு எத்தனை அடி விழுந்தது என்பதுதான் எண்ணிக்கை. களியில் நாலுக்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும். ஐம்பது தாண்டியும் குழாய் இறங்கவில்லை என்றால் நல்ல கெட்டி. குழாயோடு மண்ணும் மேலே வரும், லேபுக்குப் போகும். பத்து மீட்டர் கீழே இருப்பதையும் காட்டுவது மூன்றில் இது ஒன்றுதான். ஆனால் ஒரு கூழாங்கல் குறுக்கே வந்தாலே எண்ணிக்கை எகிறும். அடியை எண்ணுவதும் ஆள்தானே. வேலை நடக்கும்போது நீங்களோ உங்கள் இன்ஜினியரோ பக்கத்தில் நில்லுங்கள்.

கரிசலில் எஸ்.பி.டி.யையும் அப்படியே நம்ப முடியாது. சித்திரை வெயிலில் காய்ந்த கரிசல் பாறை மாதிரி எண்ணிக்கை காட்டும். ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு தரையைத் தூக்கும். அங்கே கேட்க வேண்டியது ஒரு மலிவான டெஸ்ட். சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடும் இன்னொன்றில் மண்ணெண்ணெயோடும் ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீர் ஜாடியில் எவ்வளவு கூடுதலாக உயர்ந்திருக்கிறதோ அதுதான் உப்பும் குணம். அது அதிகம் என்றால், ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி, பொதுவாக 3.5 மீட்டருக்குக் குறையாமல், அடியில் குமிழ் வைத்த அண்டர்-ரீம் பைல், அதாவது மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண், போடச் சொல்வார்கள்.

புதுக்கோட்டைச் செம்மண்ணில், அக்கம்பக்கத்து வீடுகளில் விரிசல் இல்லாமல், ஆறடியில் கெட்டி மொரம்பு தட்டினால் குழியே போதும் என்பேன். மண் ஆய்வுக்கான ஐ.எஸ். 1892 விதியும் சின்னக் கட்டடத்துக்கு நடுவில் ஒரு துளையோ குழியோ போதும் என்றுதான் சொல்கிறது. கரிசல் என்றால் குழியோடு உப்பும் டெஸ்டும் கட்டாயம். ஏரி, குளம், வயலை மேடாக்கிய மனையா? பேரமே வேண்டாம், எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை. பிளேட் லோடை, துளை ரிப்போர்ட் பார்த்த பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்து டன் கணக்குக்கு ஓடாமல், நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் இருந்தது, துளை போட்டது எந்த மாதம் என்று பாருங்கள். மே மாத ரிப்போர்ட்டில் "நீர் இல்லை" என்று இருந்தால், நவம்பரில் பக்கத்துக் கிணறு எந்த மட்டத்துக்கு ஏறும் என்று விசாரித்து இன்ஜினியரிடம் சொல்லுங்கள். மணலில் ஃபுட்டிங் மட்டம் வரை நீர் ஏறினால் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்.