ஸ்பெக்ட்ரம் 48கே: கரையோரத்தில் வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்

"ஓன் ஆகுதில்லை" என்று விற்கிறவர் சொன்னால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் திரும்பி வந்துவிடாதீர்கள். பழைய பிரித்தானிய வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தில் செத்துப்போகிற சாமான்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் கிடைக்கும். உப்புக்காற்று தின்ற பலகைக்குத்தான் மருந்து இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற வீடுகளில் அலுமாரி மேல் முப்பது மாரி கண்ட கணினிக்கு இந்த வித்தியாசம்தான் முதல் கணக்கு.

1982 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் சிங்கிளயர் நிறுவனம் இதை வெளியிட்டது. அப்போது 16கே (16 கிலோபைட் நினைவகம்) மொடல் 125 பவுண், 48கே மொடல் 175 பவுண். உள்ளே 3.5 மெகாஹேர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ புரசசர், 16 கிலோபைட் ரோம், ஃபெரான்டி செய்த யூஎல்ஏ (படத்தையும் கீபோர்டையும் கவனிக்கும் சிப்). லண்டனிலிருந்து வந்த பெட்டி என்றால் நமக்கு ஒரு வசதி: இங்கேயும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம், இங்கேயும் பால் (PAL) முறை ரீவி. சத்தம் கணினிக்குள்ளேயே இருக்கும் சிறு ஸ்பீக்கரில் வருவதால், பிரித்தானிய ரீவியின் ஒலி அலைவரிசை நம்முடையதிலிருந்து வேறுபட்டாலும் ஒன்றும் குறையாது.

கடையிலோ வீட்டிலோ பார்க்கும்போது மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள். அடியில் இருக்கும் ஐந்து திருகாணிகளைக் கழற்ற அனுமதி கேளுங்கள். மேல் மூடியை வேகமாக இழுத்தால் கீபோர்ட் சவ்வின் இரண்டு வால்களும் அறுந்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாகத் தூக்கி, வால்களைக் கொனெக்டரிலிருந்து நேராக மேலே உருவ வேண்டும்.

திறந்ததும் மொடுலேற்றரின் (ரீவிக்குப் படத்தை அனுப்பும் பகுதி) தகரப் பெட்டியைப் பாருங்கள். உள்ளே ஈரம் எவ்வளவு காலம் குடியிருந்தது என்பதை அதுதான் சொல்லும். தகரம் பளபளப்பாக இருந்தால் மற்றதெல்லாம் அநேகமாகத் தப்பியிருக்கும். ஐசி கால்கள் கறுத்திருப்பது பார்க்க மோசமாக இருக்கும், ஆனால் அதனால் மட்டும் ஒன்றும் கெடுவதில்லை. பச்சைப் பொடி வேறு விடயம்: அது செம்பு கரைவதன் அடையாளம். பச்சைப் பூச்சுக்குக் கீழே செம்புக் கோடு கறுத்துக் கொப்பளித்திருந்தால் அந்தக் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக மீற்றர் வைத்துத் தேட வேண்டிவரும். அப்படிப்பட்ட பலகையை யூஎல்ஏக்காக வாங்கலாம், கணினிக்காக வாங்கக் கூடாது. யூஎல்ஏ சொக்கெட்டில்தான் இருக்கும், கழற்றுவது இலகு.

அடுத்தது அடப்டர். இங்கே கெட்டுப்போகும் ஸ்பெக்ட்ரங்களைக் கொல்வதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மூல அடப்டர் 9 வோல்ட், 1.4 ஆம்பியர், நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டர்கள் எல்லாம் நடுமுனை பிளஸ். குழாய் அளவு ஒன்றாக இருப்பதால் இறுக்கமாகப் போய் உட்காரும், மறுகணம் உள்ளே ஏதாவது போய்விடும். மூல அடப்டரை மீற்றரில் பிடித்தால் சுமை இல்லாதபோது 13, 14 வோல்ட் காட்டும். ஒழுங்குபடுத்தாத அடப்டர் என்பதால் அப்படி, பழுதல்ல. மாற்று வேண்டுமென்றால் இசைக்கருவிக் கடையில் கிற்றார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடப்டரைப் பார்க்கலாம். அது நடுமுனை மைனஸ், குழாயும் பொருந்தும். ஆனால் அவற்றில் பல 500 மில்லிஆம்பியருக்குள் நின்றுவிடும். 1.5 ஆம்பியருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

12 வோல்ட் கொடுத்தாலும் ஓடுமே என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும். உள்ளே இருக்கும் 7805 ரெகுலேற்றர் மீதியை எல்லாம் சூடாக்கித் தள்ளும். 5 வோல்ட் பக்கம் 0.7 ஆம்பியர் இழுத்தால், 9 வோல்ட் கொடுக்கும்போது அது 2.8 வோட் சூடு. 12 வோல்ட் கொடுத்தால் 4.9 வோட். சித்திரை மாதத்து மட்டக்களப்பில், காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்த இரண்டு வோட்டும் பக்கத்திலிருக்கும் மின்பகு கண்டென்சர்களைக் காய வைத்துவிடும்.

இனி முக்கியமான இடம். ஓன் ஆகாத 48கே என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கீழ் ரேமும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் மாற்றியும். கீழ் 16 கிலோபைட் எட்டு 4116 சிப்களில் இருக்கிறது, ஐசி 6 முதல் ஐசி 13 வரை. இந்த 4116 பழைய சாதி: ஒரே நேரத்தில் மூன்று வோல்ட்டேஜ் வேண்டும். 1ஆம் காலில் மைனஸ் 5, 8ஆம் காலில் பிளஸ் 12, 9ஆம் காலில் பிளஸ் 5, 16ஆம் கால் கிரவுண்ட். 12ஐயும் மைனஸ் 5ஐயும் ரிஆர்4, ரிஆர்5 என்ற இரண்டு ட்ரான்சிஸ்டர்களும் ஒரு சிறு சுருளும் சேர்ந்து 9 வோல்ட்டிலிருந்து உண்டாக்குகின்றன. மைனஸ் 5 இல்லாமல் 12 மட்டும் நின்றால் 4116 செத்துப்போகும். செத்த 4116 உள்ளுக்குள் ஷோர்ட் ஆனால் ரிஆர்4ஐக் கொண்டுபோகும். ஒன்று மற்றதைக் கொல்லும் இந்தச் சுழலைப் புரிந்துகொள்ளாமல் ட்ரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால், புதியதும் சில நொடிகளில் போய்விடும்.

அதனால் ஒழுங்கு முக்கியம். மின்சாரம் இல்லாமல், ஏதாவது ஒரு 4116இன் 8ஆம் காலுக்கும் 16ஆம் காலுக்கும் இடையில் தடையை அளவிடுங்கள், பிறகு 1க்கும் 16க்கும். எட்டு சிப்களும் சமாந்தரமாக இணைந்திருப்பதால் ஒன்றில் அளந்தால் போதும். சில ஓம்தான் வருகிறது என்றால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது, மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஷோர்ட் இல்லை என்றால் மின்சாரம் கொடுத்து முதலில் 7805இன் வெளியீடு: 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். பிறகு 12ஐயும் மைனஸ் 5ஐயும் பாருங்கள், பத்து வீத ஏற்ற இறக்கம் பரவாயில்லை. மைனஸ் 5 காணாமல், 12 இருக்க வேண்டிய இடத்தில் 9 வோல்ட்டுக்குக் கிட்ட நின்றால் அந்த மாற்றி வேலை செய்யவில்லை. சுருள் கையைச் சுட்டால் உடனே ஓஃப் பண்ணுங்கள்: ரிஆர்4 ஷோர்ட் ஆகியிருக்கிறது.

ரிஆர்4 என்பது இசட்டிஎக்ஸ்650. 651 போட்டாலும் சரி. ரிஆர்5 இசட்டிஎக்ஸ்213. இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், சுருளின் கம்பி பழுப்பேறியிருந்தால் அதையும். பக்கத்துக் கடையில் கிடைக்கிறதென்று பிசி547ஐ ரிஆர்4 இடத்தில் போடுவது வீண் வேலை. அது 100 மில்லிஆம்பியர் சாமான், 650 தாங்குவது 2 ஆம்பியர். இசட்டிஎக்ஸ் வகை இங்கே உள்ளூர்க் கடைகளில் அரிது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடலாம், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து தபாலில்தான்.

எந்த 4116 போனது என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். ஒரு சிப் ஒரு பிட்: ஐசி 6 பூச்சிய பிட், ஐசி 13 ஏழாம் பிட். ஒரு பிட் இறுகிப்போனால் திரை முழுக்க எழுத்துக் கட்டத்துக்கு ஒன்றாக, 32 நிலைக்குத்துக் கோடுகள் ஒழுங்காக நிற்கும். திரை முழுக்கச் சதுரச் சதுரமாகக் குப்பை, அசைவே இல்லை என்றால் புரசசர் ஓடவில்லை: இசட்80, ரோம், யூஎல்ஏ என்ற பக்கம் போக வேண்டும். சந்தேகச் சிப்பின் முதுகில் நல்ல 4116 ஒன்றைக் காலோடு கால் பொருத்தி வைத்துப் பார்க்கும் பழைய உத்தி இங்கேயும் பலிக்கும், ஆனால் பாதி நேரம்தான். கீழே இருப்பது ஷோர்ட் என்றால் மேலே வைத்ததும் பேசாது. வைப்பதும் எடுப்பதும் மின்சாரம் இல்லாத நேரத்தில் மட்டும்.

4116க்குப் பதிலாக 4164 என்ற இன்னொரு ரேம் சிப்பை அப்படியே குத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 4164இன் 8ஆம் கால் 5 வோல்ட் கால். அங்கே 12 நிற்கிறது. எட்டு சிப்பும் ஒரே தடவையில் போய்விடும். எட்டையும் கழற்றிவிட்டுப் பொருத்தும் 5 வோல்ட் சிறு பலகைகள் இப்போது விற்கிறார்கள். 4116 மேல் நம்பிக்கை போனவர்களுக்கு நல்ல தெரிவு. ஆனால் அதைப் போட்ட துணிவில் மாற்றியைச் செத்தபடியே விட்டுவிட முடியாது. நிறம் தரும் எல்எம்1889 சிப்புக்கும் 12 வோல்ட் வேண்டும். படம் தெளிவாக, ஆனால் கறுப்பு வெள்ளையாக வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த 12தான்.

மேல் 32 கிலோபைட்டின் (ஐசி 15 முதல் 22 வரை) பழுது இவ்வளவு கொடூரமானதல்ல. கணினி ஓன் ஆகும், திரையில் பதிப்புரிமை வாசகம் வரும், நினைவகம் மட்டும் குறையும். பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று அடியுங்கள். 65535 வந்தால் முழுவதும் இருக்கிறது. 32767 வந்தால் மேல் ரேமில் பிழை. இந்தக் கணினியில் கட்டளைச் சொல் முழுதாக ஒரே விசையில் வரும்: பிரிண்டுக்குப் பீ விசை, பீக்குக்கு இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓ விசை. இந்த ஒரு வரியை அடித்து முடிக்க முடிந்தாலே கீபோர்டின் பாதி பரிசோதனை முடிந்தது.

கீபோர்ட் சவ்வு எல்லாவற்றிலும் நொய்ந்திருக்கும், நமது வெக்கைக்கு இன்னும் அதிகம். விசைகள் வேலை செய்யாத ஒழுங்கைக் கவனியுங்கள். 1 முதல் 5 வரை என்பதுபோல் அடுத்தடுத்த ஐந்து விசைகள் செத்தால் எட்டுக் கோட்டு வாலில் ஒரு கோடு அறுந்திருக்கிறது, அல்லது அந்த வரிசையின் டயோட். 1, கியூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட், 0, பீ, என்டர், ஸ்பேஸ் என்று இரண்டு ஓரங்களும் சேர்ந்து போனால் ஐந்து கோட்டு வால். பழைய வாலை நுனி வெட்டிப் புதிதாகச் செருகுவது ஒரு மாதத்துக்குக்கூட உத்தரவாதமில்லாத வேலை. புதிய சவ்வு செய்து விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றும்போது மட்டும் பொறுமை வேண்டும். ஹெயர் டிரையரால் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை உள்ளே விட்டு நகர்த்தினால் வளையாமல் வரும். வளைந்த தகடு திரும்ப நேராகாது.

7805ஐக் கழற்றிவிட்டுப் போடும் மூன்று கால் சுவிட்சிங் ரெகுலேற்றர் இந்தக் கணினிக்கு வாங்கக்கூடிய மிகப் பெறுமதியான சாமான். ட்ராக்கோ டிஎஸ்ஆர் 1-2450 போன்ற ஒன்று 6.5 முதல் 36 வோல்ட் வரை எடுத்து 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் கொடுக்கும், சூடு கிட்டத்தட்ட இல்லை. வெப்பத் தகடு தேவையில்லை. ரிஆர்4 நேரே 9 வோல்ட்டிலிருந்து எடுப்பதால் இது அந்தப் பக்கத்தைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். மின்பகு கண்டென்சர்களை ஒரேயடியாக மாற்றுவதும் இந்தக் காலநிலையில் நியாயமான செலவு. கழற்றியதில் இருக்கும் பெறுமானமும் மைனஸ் பக்கமும் பார்த்துப் போடுங்கள், வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது.

படத்துக்கு மொடுலேற்றரை நம்பத் தேவையில்லை. மூலத்தில் அது யூஎச்எஃப் 36ஆம் அலைவரிசையில் தரும், பழைய ரீவியில் தேடினால் கிடைக்கும். புதிய ரீவிக்கு, மொடுலேற்றருக்குள் போகும் வீடியோக் கம்பியை நேரே அதன் வெளிச் சொக்கெட்டின் நடுமுனைக்குக் கொடுத்து, உள்ளே அந்த முனைக்கு வரும் இணைப்பைக் கழற்றிவிட்டால் ஏவி உள்ளீட்டில் தெளிவான படம் வரும்.

இந்த வேலையை யாரிடம் கொடுப்பது? ஃபோன் திருத்தும் கடைகளில் மைக்ரோஸ்கோப்பும் சூடுகாற்றுத் துப்பாக்கியும் இருக்கிறதென்று அங்கே ஓடாதீர்கள். 1982ஆம் ஆண்டுப் பலகையில் 16 கால் சிப்பைச் சூடுகாற்றால் எடுக்கப் போனால் செம்புக் கோடு பலகையைவிட்டு எழும்பிவிடும். பழைய ரேடியோ, ரீவி திருத்திய கைகளிடம் கொடுப்பது மேல். கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: செத்த சிப்பின் கால்களை உடம்போடு ஒட்டி வெட்டி, உடம்பை எறிந்துவிட்டு, மீதியை ஒவ்வொரு காலாகச் சூடாக்கி உருவி, துவாரத்தை ஈயம் உறிஞ்சியால் சுத்தம் செய்து, சொக்கெட் வைத்துப் பிறகுதான் புதிய சிப். ஈயம் 60/40, அயன் 350 பாகை, ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது.

திரும்பி வந்ததும் பின்பக்க விளிம்புக் கொனெக்டரை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள். 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் அங்கே வெறுமனே நிற்கின்றன. மின்சாரம் இருக்கும்போது எதையாவது செருகிக் கோணலாகப் பட்டால் மேலே சொன்ன சுழல் திரும்பவும் ரிஆர்4இல் தொடங்கும். கணினியில் சுவிட்சும் இல்லை, ரீசெட்டும் இல்லை. ஓஃப் பண்ணுவது சுவர் சுவிட்சில்தான்.