வீட்டு வேதியியலாளர் வேதிப்பொருளை எங்கே வாங்குவது? வழிகளின் ஒப்பீடு

தமிழ்நாட்டில் வேதியியலை ஆர்வத்தால் வீட்டில் செய்து பார்ப்பவர்கள், வேண்டிய பொருளை வேண்டிய அளவில் வாங்க முடியாமல்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஆய்வக வேதிப்பொருள் வணிகம் கல்லூரிகளையும் தொழிற்சாலைகளையும் மனத்தில் வைத்து அமைந்திருப்பதால், ஐந்து கிராம் கேட்டு வரும் தனியாளுக்கு அதில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஆகவே எந்தப் பொருளுக்கு எந்த வழி பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

விலையிலும் அளவிலும் முதலில் நிற்பது நாட்டு மருந்துக் கடை. மயில்துத்தம் என்ற காப்பர் சல்பேட், அன்னபேதி என்ற பெரஸ் சல்பேட், படிகாரம், வெங்காரம் என்ற போராக்ஸ், நவச்சாரம் என்ற அம்மோனியம் குளோரைடு ஆகியவற்றை அங்கே ஐம்பது கிராம் கேட்டாலும் பொட்டலம் கட்டித் தருவார்கள். ஆனால் தூய்மைக்கு உறுதி கிடையாது. அன்னபேதி காற்றில் ஆக்சிசனேற்றம் அடைந்து பழுப்பேறுவதால், வெளிர்பச்சையாக இருந்தால் மட்டுமே அதை வாங்கலாம். படிகாரத்தில் பொட்டாசியம் படிகாரமும் அம்மோனியம் படிகாரமும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. கரைசலில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்து அம்மோனியா நெடி வருகிறதா என்று பார்த்தால் இரண்டையும் வேறுபடுத்தலாம்.

உரக்கடை இதைவிட நம்பகமானது என்பது என் கருத்து. காரணம், மூட்டையின் மேலேயே சேர்மானம் அச்சிடப்பட்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட துத்தநாக சல்பேட்டில் குறைந்தது 21 விழுக்காடு துத்தநாகம் இருக்க வேண்டும். தூய உப்பில் இருப்பதே 22.7 விழுக்காடுதான் என்பதால், உரத் தரமும் ஏறத்தாழ 92 விழுக்காடு தூய்மையை எட்டுகிறது. பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதே இங்குள்ள குறை.

இவ்விரு வழிகளிலும் வாங்கியதை மறுபடிகமாக்கலால் மேம்படுத்த முடியும். நூறு மில்லி நீரில் 20 பாகை செல்சியசில் 14 கிராம் அளவே கரையும் பொட்டாசியம் படிகாரம், 50 பாகையில் ஏறத்தாழ 37 கிராம் கரைகிறது. வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, மெல்ல ஆறவிட்டால் கரையாத தூசு வடிதாளிலும், கரைந்த மாசுகளில் பெரும்பகுதி படிகம் பிரிந்தபின் எஞ்சும் தாய்நீரிலும் தங்கிவிடும். ஆயினும் இரண்டு படிகாரங்கள் கலந்திருந்தால் இந்த முறை உதவாது, ஏனெனில் அவை ஒரே படிகத்துக்குள் சேர்ந்தே வளரக்கூடியவை.

அரிய பொருள் என்று வரும்போது மேற்கண்ட கடைகள் எல்லாம் கைவிட்டுவிடும். நிக்கலைக் கண்டறிய 1905-இல் ரஷ்ய வேதியியலாளர் சூகயெவ் அறிமுகப்படுத்திய டைமெத்தில்கிளையாக்சைமை எடுத்துக்கொள்வோம். நிக்கலுடன் ரோஜாச் சிவப்பு வீழ்படிவு தரும் இந்தப் பொருள் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்காது; ஆய்வகப் பொருள் முகவரிடம்தான் கேட்க வேண்டும். முகவரிடம் எல்.ஆர். என்ற பொது ஆய்வகத் தரமா, ஏ.ஆர். என்ற, அதைவிடத் தூய பகுப்பாய்வுத் தரமா என்று தெரிந்து வாங்கலாம். புட்டியில் தொகுதி (batch) எண்ணும் இருக்கும். ஆனால் பல முகவர்கள் ஜிஎஸ்டி எண்ணோ நிறுவனக் கடிதமோ இல்லாமல் விற்பதில்லை. விற்க முன்வந்தாலும் அளவு பொருந்துவதில்லை. சொட்டுச் சோதனைக்கு நூறு மில்லி ஆல்கஹாலில் ஒரு கிராம் கரைத்தாலே போதுமானது என்னும்போது, 25 கிராம் புட்டி ஒன்று இரண்டரை லிட்டர் கரைசலுக்கு ஆகும்.

சிறு பொதியாகத் தருவதில் இணைய விற்பனையாளர்கள் முகவர்களை விஞ்சுகிறார்கள். ஆனால் பெரிய புட்டியிலிருந்து பிரித்து அடைக்கப்பட்ட பொதியில் தயாரிப்பாளர் பெயரோ தொகுதி எண்ணோ இல்லாவிட்டால், உள்ளே இருப்பது என்னவென்று சொல்ல விற்பவரின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியே உள்ள அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணும் பாதுகாப்புத் தரவுத் தாளும் தராதவரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். டைமெத்தில்கிளையாக்சைமின் எண் 95-45-4. பெயரில் குழப்பம் நேர்ந்தாலும் எண்ணில் நேராது.

தானே தயாரிப்பது சில உப்புகளுக்கு மிக நல்ல வழி. பெரஸ் சல்பேட்டையும் அம்மோனியம் சல்பேட்டையும் சேர்த்து மோர் உப்பு (Mohr's salt) என்ற இரட்டை உப்பைப் படிகமாக்குவது மேல்நிலைப் பள்ளிச் செய்முறையிலேயே உள்ளது. அது அன்னபேதியைவிடக் காற்றைத் தாங்கி நிற்பதால், செய்யும் உழைப்புக்குப் பயனும் உண்டு. டைமெத்தில்கிளையாக்சைம் போன்ற கரிமக் கரணிகளை (சோதனைக்குப் பயன்படும் கரிம வேதிப்பொருள்களை) வீட்டில் தயாரிக்க முயல்வதோ ஆபத்துக்கு இடம் கொடுக்கும்; அதை நான் பரிந்துரைக்கவில்லை.

சட்டம் தடுக்கும் இடத்தில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அம்மோனியம் நைட்ரேட் 2012-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உரிமம் கோருவது. அசெட்டிக் நீரிலி (acetic anhydride) போதைப்பொருள் தயாரிப்புக்கான முன்னோடிப் பொருளாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அமில விற்பனைக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் பதிவேடும் அடையாளச் சான்றும் கட்டாயமாக்கியது. இவற்றுக்கு மாற்றுவழி தேடுவது முறையன்று.

அரிய கரணிகளுக்கு நான் முதலிடம் தருவது பள்ளி, கல்லூரி ஆய்வகத்துக்கே. பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் நிக்கலுக்கான சோதனை இருக்குமிடத்தில் டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் அலமாரியிலேயே இருக்கும். ஆசிரியரிடம் சோதனையை விளக்கி, அவர் முன்னிலையில் அங்கேயே செய்துபார்க்க அனுமதி கேட்கலாம். புட்டியை வாங்கும் செலவு அதனால் மிச்சமாகும். நச்சுத்தன்மையுள்ள நிக்கல் கழிவையும் வீட்டுச் சாக்கடையில் கொட்டாமல் ஆய்வகத்தின் கழிவுக் கலனில் சேர்த்துவிடலாம்.