கோடா, ஆளா, கேமராவா: இறக்கை நுனிக்கு எது காவல்?

2024 மார்ச் 27, கொல்கத்தா. சென்னைக்குக் கிளம்ப வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ரன்வேக்குள் நுழைய அனுமதிக்காகக் காத்து நின்றது. அந்தப் பக்கமாக ஊர்ந்து வந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை அதன் இறக்கையில் உரசியது. நுனித் துண்டு உடைந்து கீழே விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இண்டிகோ விமானிகள் இருவரையும் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. பணியிலிருந்து விலக்கி வைத்தது.

இப்படி ஒவ்வொரு முறையும் விமானியைத்தான் முதலில் பிடிக்கிறோம். இறக்கை நுனி அவருக்குத் தெரியும்படி என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம் என்று பார்த்தால், நடைமுறையில் இருப்பவை இரண்டு: தரையில் போட்ட கோடு, கூட நடக்கும் ஆள். மூன்றாவதாகக் கேமரா பல வருடங்களாக வாசலில் நிற்கிறது.

மூன்றிலும் மலிவானது கோடு. முன்சக்கரத்தை மஞ்சள் கோட்டின் மேல் வைத்துப் போனால் நுனி எதிலும் படாது என்பதுதான் கணக்கு. நிறுத்துமிடத்தில் ஏ320, 737 வகை விமானங்களுக்கு நுனியிலிருந்து 4.5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும், பெரியவற்றுக்கு 7.5 மீட்டர் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் விதி. ஆனால் கோடு தரும் உறுதிக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, அந்தக் கோடு உங்கள் விமானத்தின் அளவுக்குப் போட்டதாக இருக்க வேண்டும். 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, அகலமான பாதைக்குத் திரும்பாமல் குறுகலான டாக்ஸிவேயில் (ரன்வேக்குப் போக விமானம் ஊரும் பாதை) நேராகப் போய்விட்டது. வலது இறக்கை பக்கத்துக் கட்டடத்துக்குள் புகுந்தது. அங்கேயும் கோடு இருக்கத்தான் செய்தது.

இரண்டாவது நிபந்தனைதான் இன்னும் மோசம்: அடுத்தவரும் தன் இடத்தில் முழுதாக நிற்க வேண்டும். 2011 ஏப்ரல் 11 அன்று நியூயார்க் ஜே.எஃப்.கே.யில் ஒரு சிஆர்ஜே-700 திரும்பி ரேம்ப் (விமானங்களை நிறுத்தும் தளம்) பக்கம் நின்றுவிட்டது. அதன் வால் மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 80 மீட்டர் இறக்கை விரிப்போடு வந்த ஏர் பிரான்ஸ் ஏ380-இன் இடது நுனி அந்த வாலில் பட்டு, சின்ன விமானத்தைப் பொம்மை மாதிரி சுழற்றிவிட்டது. வீடியோ பார்த்தவர்களுக்கு மறக்காது. 2024 செப்டம்பரில் அட்லாண்டாவிலும் ஏறக்குறைய இதே கதை. டோக்கியோ போகக் கிளம்பிய டெல்டா ஏ350, குறுக்கு டாக்ஸிவேயில் நின்ற ஒரு சிஆர்ஜே-900-இன் வாலையே பெயர்த்துப் போட்டது.

சரி, ஆள்? புஷ்பேக்கின்போது, அதாவது இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளும்போது, இரண்டு பக்கமும் இறக்கையோடு நடந்து வருவாரே, கையில் ஆரஞ்சு சைகைக் கோலுடன், அவர்தான் விங் வாக்கர். அவர் கையைக் குறுக்கே வைத்தால் இழுவை வண்டி நின்றாக வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றாலும் நிறுத்த வேண்டும். பக்கத்து நிறுத்துமிடத்தில் யாரோ தப்பாக விட்டுப்போன ஏணியையும், திடீரென்று குறுக்கே வரும் பேக்கேஜ் வண்டியையும் அவர் அளவுக்குக் கோடு ஒருநாளும் பார்க்காது. ஆனால் அவர் வேகம் நடை வேகம். புஷ்பேக் முடிந்து வண்டி கழன்றதும் அவர் வேலையும் முடிந்தது. மேலே சொன்ன எந்த மோதலிலும் பக்கத்தில் ஒரு விங் வாக்கர் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆள் செலவு என்று ஒருவரைக் குறைக்கலாமா என யோசிக்கும் நிறுவனங்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். தரையில் ஏற்படும் சேதங்களின் செலவு, தடுக்காவிட்டால் 2035-க்குள் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலரைத் தொடலாம் என்று விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா 2022-இல் சொன்னது.

அப்புறம் கேமரா. பெரிய ஜெட்களில் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் ஒழிய விமானிக்கு நுனி தெரியாது. ஆகவே மோதல் தவிர்ப்புக் கருவி வையுங்கள் என்று 2012-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கேட்டது. அந்த வாரியத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. இதில் வேடிக்கை, இடித்த ஏ380-இல் ஏற்கெனவே கேமரா இருந்தது! வாலிலும் வயிற்றிலும் இருக்கும் அவை, சக்கரம் தளத்தைவிட்டு இறங்காமல் பார்ப்பதற்கு.

நுனிக்கே கேமரா வைத்தாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பத்து நாட் வேகத்தில் விமானம் நொடிக்கு 5 மீட்டர் நகரும். அப்போது விமானி வெளியே பார்ப்பாரா, திரையைப் பார்ப்பாரா? தேவை படமல்ல, சத்தம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். சாதாரணக் கார் பின்னால் சுவர் இருக்கிறது என்று கத்துகிறது. பல நூறு கோடி ரூபாய் விமானம் மௌனமாகப் போய் இடிக்கிறது.

போயிங் 777எக்ஸ்-இன் மடியும் நுனியையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 71.75 மீட்டரை 64.85 ஆகச் சுருக்குவது இருக்கிற நிறுத்துமிடத்தில் நுழையத்தான். பக்கத்தில் நிற்பவரின் வால் எங்கே என்று அது பார்க்காது.

என் ஓட்டு இப்படி: ரேம்பில் இரண்டு பக்கமும் ஆள், அதில் பேரம் கூடாது. டாக்ஸிவேயில் எச்சரிக்கை ஒலியோடு கூடிய சென்சார். அது வரும்வரை, முன்னால் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் விமானி நின்றுவிட வேண்டும். டவர் அவசரப்படுத்தும், பின்வரிசையில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.