விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸுக்கு மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்! 7,500 ரூபாயும் போச்சு, அப்பா எடுத்த நாடகங்களும் போச்சு

இன்று காலைதான் முழு விவரமும் தெரிந்தது. ஆத்திரம் அடங்கட்டும் என்று இருந்தால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் திருவிழா நாடகங்களை அப்பா வருஷா வருஷம் கேமராவில் எடுத்து, பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் 1 டிபி டிஸ்க்கில் வைத்திருந்தார். அதை வீட்டு மீடியா சர்வருக்கு, அதாவது வீடியோக்களை வைத்திருந்து டிவிக்கு அனுப்பும் கம்ப்யூட்டருக்கு (விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவது), கொண்டுவந்தால் டிவியிலேயே பார்ப்பாரே என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன். "5,500 குடுங்கண்ணே, ஒரு ஃபைல் விடாம காப்பி பண்ணித் தர்றோம்." பேசிய பையன் அப்பாவின் வீடியோ ஒன்றைப் போட்டு, "எங்க தாத்தாவும் நாடகத்துல ஆர்மோனியம் வாசிச்சவருண்ணே" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். டிஸ்க்கை அப்படியே திருப்பித் தரவேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினான்.

மறுநாள் போன். "டிஸ்க் லாக் ஆயிருக்குண்ணே, எடுக்க 2,000 ஆகும்." கொடுத்தேன், மொத்தம் 7,500. அந்த 2,000 சுத்தப் பொய் என்பது இப்போதுதான் தெரிகிறது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த டிஸ்க்கை லினக்ஸில் மாட்டினால் எழுத விடாது, படிக்க விடும். காப்பி எடுக்கப் படிக்க முடிந்தால் போதாதா? என்ன லாக், என்ன 2,000?

வீட்டுக்கு வந்து பார்த்தால் டிஸ்க்கில் இருந்த சினிமாப் படமெல்லாம் இருக்கிறது, நாடகங்களில் நாற்பதுக்கு மேல் காணோம். கூட வேலை பார்க்கும் நண்பர் சர்வரைத் துழாவியபோது அவர்கள் விட்டுப்போன ஆர்சிங்க் (ஃபைல்களைக் காப்பி செய்யும் புரோகிராம்) பதிவு கிடைத்தது. வரிசையாக 'ஃபைல் நேம் டூ லாங்' (பெயர் ரொம்ப நீளம்), கடைசியில் 'கோட் 23', அதாவது எல்லாம் காப்பியாகவில்லை.

அப்பா பெயர் வைப்பது இப்படி: "2011 பங்குனி உத்திரம் மூன்றாம் நாள் இரவு வள்ளி திருமணம் நாடகம் வேலன் வள்ளி தர்க்கம் முதல் பகுதி முழுசும்". விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு இதை ஏற்கும், அதில் 255 குறி வரை இடம் உண்டு. லினக்ஸின் அதே மாதிரி அமைப்பான ஈஎக்ஸ்டி4-ல் கணக்கு 255 பைட். தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறியோடு சரி. பெயரைச் சுருக்கியிருந்தால் முடிந்த வேலை!

எர்ரரைப் பார்த்துவிட்டுத்தான் "எல்லாம் வந்துருச்சுண்ணே" என்றிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? கேட்காமலே பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, சர்வரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, சினிமாவை அதன்மேல் எழுதியும் வைத்திருக்கிறார்கள். வேறு காப்பி கிடையாது. அந்த நாடகங்களில் நடித்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

கடைக்குப் போனேன். வேறொருவன் இருந்தான். "லினக்ஸுன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தாண்ணே." அந்தப் பதிவைக் காட்டினேன், "அது சும்மா வார்னிங்" என்றான். முதலாளி வெளியூராம், சாயங்காலம் பேசுவாராம். சாயங்காலம் போனை எடுக்கவில்லை. மறுபடி போனால் "டிஸ்க்கே பழசு சார், அதுல என்ன இருந்துச்சுன்னு நாங்க பாக்கல." அண்ணன் சாராகிவிட்டேன். தாத்தா ஆர்மோனியக் கதை சொன்ன பையன் கண்ணிலேயே படவில்லை. 7,500 ரூபாய்க்கு பில் கேட்டதற்கு "சர்வீஸுக்கெல்லாம் பில் இல்ல." அப்பா இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை.

என்னென்ன கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள். ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மட்டும் மாட்டச் சொல்லுங்கள். நீளமான தமிழ்ப் பெயர்களை விண்டோஸிலேயே சுருக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒன்றுதான் என்று கண்ணெதிரே காட்டும்வரை பைசா கொடுக்காதீர்கள். "லாக் ஆயிருக்கு, 2,000" என்றால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.