காதிரைச்சலும் தம்புராவும்: கேட்கும் கருவியோடு நெடுநாள் அனுபவம்

சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்து, அந்தத் தொழிலிலேயே பாதி வாழ்நாளைக் கழித்த எனக்கு, இரு காதுகளிலும் 'கீ' என்ற மெல்லிய ஒலி பல ஆண்டுகளாக ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்பதை எங்கள் வீட்டில் காதிரைச்சல் என்கிறோம். கர்நாடக இசை கேட்காமல் இருக்க முடியாத ஒருவர் இந்த இரைச்சலோடும், அதற்காக வாங்கிய கேட்கும் கருவியோடும் வாழ்வது எப்படி என்பதைப் பற்றித் தமிழில் விரிவாக எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தறிக்கூடத்தில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இருபுறமும் மோதும் ஓசை 90 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வேலையிடங்களுக்கு வகுத்த எல்லை. அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. எல்லை மீறி ஓசை கேட்டால் உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் உள்ள நுண்மயிர் செல்கள் சிதைகின்றன. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து செய்தி குறைந்துபோன அதிர்வெண்களை மூளை தானே கூட்டிக் கேட்க முயல்வதால் இல்லாத ஒலி உருவாகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்டிருக்கும் விளக்கம். என் செவித்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் சற்று மேலேறுகிறது. பேரோசையில் வேலை செய்தவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் வடிவம் அது என்று ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் வல்லுநர், சொன்னார்.

இசையைப் பொறுத்தவரை இந்தப் பள்ளம் எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. கர்நாடக இசையில் பாடகரின் குரலும் வயலினும் எழுப்பும் அடிப்படைச் சுரங்கள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால், ராகம் எனக்குக் கெடவில்லை. தோடி ராகத்தில் காந்தார சுரம் அசைவதை இன்றும் துல்லியமாகக் கேட்கிறேன். போனவையெல்லாம் அந்தச் சுரங்களுக்கு மேலே மிதக்கும் மேலதிர்வுகள்தான். கஞ்சிராவின் சலங்கை மங்கிவிட்டது, சாகித்தியத்தில் ச, ஷ, ஸ மூன்றும் ஒன்றாகிவிட்டன, தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் ஜீவா நூல் எழுப்பும் அந்த மினுக்கம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இவற்றில் எனக்கு மிகவும் வலித்தது கடைசி இழப்பு.

கேட்கும் கருவி வாங்கியதன் முதல் பலன் காதிரைச்சலில்தான் தெரிந்தது. வெளி ஒலிகள் கூடுதலாக உள்ளே வரத் தொடங்கியதும், அதுவரை தனித்து நின்ற 'கீ' ஒலி பின்னுக்குப் போனது. செவித்திறன் குறைவோடு காதிரைச்சலும் உள்ளவர்களுக்குக் கருவி இவ்வாறு உதவக்கூடும் என்பது உண்மைதான். வீட்டிலும் கடைவீதியிலும் அந்தப் பலன் எனக்கு நீடிக்கிறது. ஆனால் கச்சேரி கேட்க உட்கார்ந்தபோது நடந்தது வேறு. பாட்டு தொடங்குமுன் தம்புரா நன்றாக ஒலித்தது; சில விநாடிகளில் யாரோ அதை அறைக்கு வெளியே எடுத்துச் சென்றுவிட்டதாகத் தோன்றியது. குரல் எழுந்தால் கொஞ்சம் திரும்பி வந்தது, குரல் நின்றால் மறுபடியும் தேய்ந்தது.

காரணத்தைப் புரிந்துகொண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. இந்தக் கருவிகள் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. பேச்சு ஏறி இறங்கும். மின்விசிறியும் ஏசியும் ஒரே அளவில் ஒலிக்கும். ஆகவே ஒரே அளவில் நிற்கும் எதையும் இரைச்சல் என்று கணித்து அடக்குகிறது கருவிக்குள் இருக்கும் இரைச்சல் குறைப்பு அமைப்பு. மாறாமல் நிற்பதே தம்புராவின் வேலை என்பதால், நம் இசைக்கே ஆதாரமான ஒலியைத்தான் அது முதலில் அடக்குகிறது. புல்லாங்குழலிலும் இதையொத்த சிக்கல் உண்டு: ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வையை, கேட்கும் கருவி தானே சில நேரம் எழுப்பும் விசில் சத்தமாக எண்ணி அடக்கப் பார்க்கும்போது, சுரத்தின் ஓரத்தில் இல்லாத நடுக்கம் ஒன்று ஒட்டிக்கொள்கிறது.

இசைக்கென்று தனி நிரல் (புரோகிராம்) ஒன்றைக் கருவியில் பதிந்துகொண்ட பிறகுதான் கச்சேரி எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதில் இரைச்சல் குறைப்பு இல்லை, விசில் தடுப்பு மிகக் குறைவு, பேசுபவரை நோக்கி மைக்கைக் குவிக்கும் வசதியும் இல்லை. மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் உள்ள இடைவெளி பேச்சு நிரலில் இருப்பதைவிட விரிந்திருக்கிறது. தம்புரா இப்போது நிலையாக நிற்கிறது. கஞ்சிராவின் சலங்கை மட்டும் இன்றுவரை சரியாக வரவில்லை. செத்துப்போன செல்களுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் பயனில்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்.

அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காது சரியில்லை என்றதும் "ஏற்காட்டில் போய்க் கொஞ்ச நாள் இருங்கள்" என்று சொல்லாத உறவினர் இல்லை. உறவினர் ஒருவரின் காபித் தோட்டத்து வீட்டில் மார்கழி இரவில் தங்கிப் பார்த்தவன் சொல்கிறேன்: இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அந்த நிசப்தத்துக்குள் போனால் இரைச்சல் பெருகத்தான் செய்கிறது, ஏனென்றால் அதனோடு போட்டியிட அங்கே வேறு ஒலி இல்லை. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற ஆய்வாளர்கள் செவித்திறன் நன்றாக உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் அமர்த்திக் கேட்டபோது, அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிசப்தம் பெரும்பாலோருக்கு முழு நிசப்தமாக இருப்பதில்லை. அதே தோட்டத்தில் கோடையில் சில்வர் ஓக் மரங்களில் சில்வண்டுகள் கத்தும் மாலைகளில் என் இரைச்சல் எங்கே போனது என்றே தெரியாது.

இரவுக்கு நான் கண்ட வழி, கைப்பேசியில் தம்புரா செயலியை ஐந்து கட்டைச் சுருதியில் வைத்து, தலைமாட்டிலிருந்து தள்ளிச் சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்க விடுவது. இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்கும்படி வைத்தால்தான் மூளை இரைச்சலுக்குப் பழகுகிறது என்று ஆடியாலஜிஸ்ட் கற்றுத்தந்தார். அப்படிப் பழக மாதக்கணக்கில் ஆனது. இப்போது தூக்கம் கெடுவதில்லை.

கல்யாண மண்டபத்தில் நாதசுரம், தவிலுக்குப் பக்கத்தில் உட்காரும்போதும், ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை பார்க்கப் போகும்போதும் கருவியைக் கழற்றிவிட்டு, இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காதடைப்பானைப் போட்டுக்கொள்கிறேன். சாதாரண நுரை அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டி நாதசுரத்தையே மந்தமாக்கிவிடும். இது எல்லா அதிர்வெண்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் வாத்தியத்தின் நிறம் மாறுவதில்லை. பஞ்சு எதற்கும் உதவாது.

மாத்திரைகளில் எனக்குப் பலன் இல்லை. ஜிங்கோ பைலோபா என்ற மூலிகைச் சாறு, துத்தநாகம் போன்றவற்றைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், திடீரென்று காது கேளாமல் போவது ஆகியவற்றுக்கு மட்டும் தள்ளிப்போடாமல் காது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதில் சில நாள் தாமதம்கூடக் கேட்கும் திறனைப் பறித்துவிடக்கூடும்.

கருவி வாங்கப் போகும் ரசிகர்கள், சோதனைக்கு அணிவிக்கும்போதே கைப்பேசியில் தம்புராவைச் சில நிமிடங்கள் இடைவிடாமல் ஒலிக்க விட்டு, அது தேய்கிறதா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். தேய்ந்தால் இசைக்குத் தனி நிரல் போட்டுத் தரச் சொல்லுங்கள்; புல்லாங்குழல் ஆலாபனை ஒன்றையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டு, நடுக்கம் இல்லையென்று உறுதியான பிறகே பணம் கட்டுங்கள்.