மெட்ரோ மொத்தக் கடை: மளிகைக்காரர் கணக்கில் கட்டுமா?

2003இல் பெங்களூரில் தொடங்கிய மெட்ரோ கேஷ் அண்ட் கேரியின் இந்திய வியாபாரம் 2023 முதல் ரிலையன்ஸ் கையில். சூப்பர் மார்க்கெட் நடத்தும் போட்டியாளரே இப்போது தெருமுனைக் கடைக்குச் சரக்கும் தருகிறார்!

சோப்பு, பற்பசை, டீத்தூள் பெட்டியாக எடுக்கலாம். சீக்கிரம் தேதி முடியும் பிஸ்கட், சிப்ஸ் வேண்டாம். தேதி முடிந்த சரக்கை, கடைக்கே கொண்டுவந்து போடும் கம்பெனி ஏஜென்சிக்காரர் பெரும்பாலும் மாற்றித் தருவார். வேறிடத்தில் வாங்கியதைத் தொடமாட்டார். அவர் தரும் ஒரு வாரக் கடனும் இங்கே எளிதில் கிடைக்காது. அந்தக் கடன்தான் தெருவில் மாதக் கணக்கு எழுதுபவர்களைத் தாங்குகிறது.

வண்டி வாடகையைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். 10,000 ரூபாய்ச் சரக்கில் 2% மலிவு என்றால் மிச்சம் 200 ரூபாய். குட்டியானை வாடகைக்கே போதாது. பக்கத்துக் கடையோடு சேர்ந்து எடுத்தால் கட்டும்.

ஜிஎஸ்டி காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவருக்கு உள்ளீட்டு வரி, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரி, திரும்பாது. ஆகவே வரி சேர்ந்த விலையே உண்மை விலை. அரிசியில் கவனம்: 25 கிலோ வரையுள்ள லேபிள் மூட்டைக்கு 5% வரி, அதற்கு மேல் இல்லை. 26 கிலோ மூட்டை வந்த காரணம் அதுதான். சில்லறையாக அளந்து விற்பவர் அதையே எடுக்கலாம்.